லாகின் திரை ஹேங் ஆனால், முதலில் அதைச் சந்தேகிக்காதீர்கள்

லினக்ஸில்தான் பல வருடங்களாக என் அன்றாட வேலை. லாகின் திரையைக் காட்டும் நிரலுக்கு டிஸ்ப்ளே மேனேஜர் என்று பெயர். ஜிடிஎம், எஸ்டிடிஎம், லைட்டிஎம் என மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியாகிவிட்டது. பூட் ஆகும்போது பாதியில் நிற்காதது எதுவுமில்லை. ஆனால் தோண்டிப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்னால் எங்கேயோ இருக்கும். கடைசியாக வருவது லாகின் திரை என்பதால் பழி அதன் மேல் விழுகிறது, அவ்வளவுதான். அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். அதனால் சரியானதாக எனக்கு நினைவில்லை.

கறுப்புத் திரையில் ஒரு அடிக்கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தால், கணினியே செத்துவிட்டது என்று பவர் பட்டனை அழுத்த வேண்டாம். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். எழுத்து வடிவில் லாகின் கேட்டால் பாதி வேலை முடிந்தது. அதுவும் வராவிட்டால், கணினி எழும்போது முதலில் வரும் கிரப் எனும் பூட் மெனுவில் 'இ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு 3 என்று சேர்த்து பூட் செய்யலாம். வரைகலைப் பகுதியைத் தொடாமல் நேராக டெர்மினலில் கொண்டுவந்து விடும்.

உள்ளே போனதும் நான் முதலில் செய்வது, டிஸ்ப்ளே மேனேஜர் சேவையைக் கையால் ரீஸ்டார்ட் செய்வது. இந்த ஒரு சோதனை நிறைய அலைச்சலை மிச்சப்படுத்தும். உடனே லாகின் திரை வந்துவிட்டால் சிக்கல் நேரத்தில் இருக்கிறது, அதாவது பூட் ஆகும்போது எது முந்துகிறது என்பதில். வராவிட்டால் டிரைவரையோ, டிஸ்க்கையோ, அமைப்புகளையோ பார்க்க வேண்டும்.

நேரச் சிக்கல் எனக்கு வந்தது, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்ட பிறகு. வேகம் கூடினால் நல்லதுதானே? இங்கே அதுவே வினையானது. கிராபிக்ஸ் டிரைவர் ஏறி முடிப்பதற்குள் லைட்டிஎம் எழுந்துவிடும். திரையில் வரைந்து காட்டும் நிரலான எக்ஸ் சர்வரின் பதிவில் 'நோ ஸ்கிரீன்ஸ் ஃபவுண்ட்' என்று ஒரு வரி. சில நாள் வரும், சில நாள் வராது, அதுதான் எரிச்சல். லைட்டிஎம் அமைப்புக் கோப்பில் 'லாகின்டி-செக்-கிராபிக்கல்' என்ற வரியை ட்ரூ என்று வைத்தேன். திரை தயாரென்று, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி சொல்லும்வரை லைட்டிஎம் காத்திருக்கும். அப்புறம் தொந்தரவு இல்லை. டிரைவர் மாட்யூலை, பூட்டின் தொடக்கத்திலேயே நினைவகத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ் உள்ளேயே சேர்த்து, சீக்கிரம் ஏறவைப்பது இன்னொரு வழி.

இதைவிட வேடிக்கையான ஒன்று, டெபியன் 10 என்ற லினக்ஸ் பதிப்பின் காலத்தில் நடந்தது. அதன் கர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, 4.19. லாகின் திரை வராது. விசைப்பலகையில் நாலு தட்டு தட்டினாலோ மவுஸை ஆட்டினாலோ வந்துவிடும்! பேய் பிடித்ததா என்று கேட்கத் தோன்றும். காரணம் என்ட்ரபி, அதாவது சீரற்ற எண்களை உருவாக்கக் கர்னல் திரட்டி வைக்கும் கணிக்க முடியாத தகவல். பூட் ஆனவுடன் சீரற்ற எண்கள் கேட்கும் நிரல்களுக்குப் போதுமான சேமிப்பு கர்னலிடம் இல்லை. நம் விரல் அசைவிலிருந்து அது சேர்த்துக்கொண்டிருந்தது. என்ட்ரபியைச் சேர்த்துத் தரும் ஹேவ்ஜ்டி என்ற நிரலை நிறுவினால் போய்விடும். 2019 இறுதியில் வந்த 5.4 கர்னலில் இதற்குத் தீர்வு சேர்த்துவிட்டார்கள். இன்றைய கணினியில் இதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சிஸ்டம் இருக்கும் ரூட் பகிர்வு நிரம்பியிருந்தாலும் லாகின் திரை வராது. இஎக்ஸ்டி4 கோப்பு முறை வழக்கமாக 5 சதவீதம் இடத்தை ரூட் எனும் நிர்வாகப் பயனருக்கென ஒதுக்கி வைக்கும். அதனால் டெர்மினலில் ரூட்டாக நுழைந்தால் எல்லாம் நன்றாக ஓடுவது போலத் தெரியும். தனிப் பயனராக ஓடும் ஜிடிஎம்மின் லாகின் திரையால் ஒரு கோப்பைக்கூட எழுத முடியாது. மீதமுள்ள இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதற்கு என்ன செலவு?

கர்னல் அப்டேட்டுக்கு அடுத்த பூட்டில் நின்றால், தனியாக நிறுவிய கிராபிக்ஸ் டிரைவர் மேல்தான் என் கண் போகும். மாட்யூலைக் கட்டத் தேவையான கர்னல் ஹெடர் கோப்புகள் இல்லாததால், கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரை மறுபடி கட்டித் தரும் டிகேஎம்எஸ் புதிய கர்னலுக்கு அதைக் கட்டாமல் விட்டிருக்கும். கிரப்பில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், ஹெடர்களை நிறுவி, மாட்யூலைக் கட்டவையுங்கள். கிரப்பில் அதே லினக்ஸ் வரியில் 'நோமோட்செட்' போட்டு உள்ளே போகவும் வழியுண்டு. ஆனால் அதை நிரந்தரமாக விட்டுவைத்தால் கிராபிக்ஸ் கார்டு இருந்தும் இல்லாத மாதிரி.

எதுவும் பிடிபடாவிட்டால், சிஸ்டம் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளை. ரீபூட் செய்துவிட்டீர்கள் என்றால் '-பி -1' சேர்த்துப் போன பூட்டின் பதிவைக் கேட்க வேண்டும். பதிவுகள் டிஸ்க்கில் சேமிக்கப்பட்டால்தான் அது கிடைக்கும். சிவப்பு வரி ஒவ்வொன்றையும் துரத்தாதீர்கள், பாதி எப்போதும் வரும் சத்தம்தான். கடைசியாக எது தொடங்கி முடியாமல் நின்றது என்று மட்டும் பாருங்கள்.

இப்போது பழைய கணினியில் லைட்டிஎம், குனோம் டெஸ்க்டாப் இருக்கும் கணினியில் ஜிடிஎம் என்று வைத்திருக்கிறேன். லேசானது என்று குனோமுக்கும் லைட்டிஎம் போடப் பார்ப்பவர்கள் கவனிக்க: குனோமின் லாக் ஸ்கிரீன் ஜிடிஎம்மைச் சார்ந்தது. அதை மாற்றினால் திரையைப் பூட்ட வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கும்.