மார்புப் பட்டையா, கைப்பட்டையா?

நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக்கு விடியற்காலையில் சைக்கிள் மிதிக்கிறோம். சமதளத்தில் மெதுவாகப் போகும்போதே இதயத்துடிப்பு 190 என்று காட்டினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அதை அளக்க மார்பில் கட்டியிருக்கும் பட்டையைத்தான். “இதை வீசிவிட்டுக் கைப்பட்டை வாங்கிவிடட்டுமா அண்ணா?” என்று கூட வரும் தம்பி கேட்டான்.

துல்லியம்: மார்புப் பட்டை இதயத்தின் மின்துடிப்பை நேரடியாகப் பிடிக்கிறது; மேட்டில் எழுந்து மிதித்தால் எண்ணும் உடனே ஏறும்.
கைப்பட்டை தோலில் ஒளி பாய்ச்சி ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது, சற்றே பின்தங்கும்.

தொல்லை: மார்புப் பட்டைக்கு ஈரம் வேண்டும். வியர்க்காத முதல் சில நிமிடங்களில்தான் அது அதிகம் உளறும். உட்பக்கத் தொடுபரப்பைத் தண்ணீரால் நனைத்து, இறுக்கிக் கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். முப்பந்தல் காற்றாலைகளை நெருங்கினால் வேறொரு கூத்து: தொளதொளத்த பாலியஸ்டர் சட்டை காற்றில் படபடத்து உரசி நிலைமின்சாரத்தை உண்டாக்கி எண்ணைக் குழப்புகிறது. உடலோடு ஒட்டிய சட்டைக்கு மாறியதும் எனக்கு அது நின்றது.
கைப்பட்டைக்கு இந்த இரண்டும் இல்லை. ஆனால் தளர்ந்தால் அதுவும் பொய் சொல்லும்.

பேட்டரி: மார்புப் பட்டைகள் பலவற்றில் சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி, மாதக்கணக்கில் ஓடும். பட்டையில் மாட்டும் சிறு கருவியைக் கழற்றாமல் ஈரப்பட்டையிலேயே விட்டுவைத்தால் பேட்டரி வீணாகத் தீரும்.
கைப்பட்டைக்கு அடிக்கடி சார்ஜ்.

விட்டுவிட்டு வேகமெடுத்துப் பயிற்சி செய்பவருக்கு மார்புப் பட்டை. பேச்சிப்பாறை வரை நிதானமாகப் போய்வருபவருக்குக் கைப்பட்டை போதும். தம்பியிடம் முதலில் பேட்டரியை மாற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.