சேலத்தில் பெரியவர்களுக்கு ஒரு சிலம்ப வகுப்பு: பார்த்துப் பழக வைக்கிறார்கள்

வேலைக்குப் போகிறவர்கள் சேலத்தில் எங்கே சிலம்பம் கற்கலாம் என்று கேட்டால் நான் கைகாட்டுவது அஸ்தம்பட்டி பக்கம் காலை 6 மணிக்கு நடக்கும் இந்த வகுப்பைத்தான். வேறு இடங்களில் முதல் நாளே கம்பைக் கையில் கொடுத்துச் சுற்றச் சொல்வார்கள், ஒரே வாரத்தில் தோள் பிடித்துக்கொள்ளும், பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். இங்கே ஆசான் நம்மைப் பார்க்க வைக்கிறார், எதை எங்கே நின்று பார்க்கணும் என்பதுவரை சொல்லிக் கொடுக்கிறார்.

புதுக் காலடி வந்தால் முதலில் நாமே கொஞ்சம் தட்டுத்தடுமாறிச் செய்து பார்க்கணும். அப்புறம், "கண்ணு, கம்பைக் கீழ வை." நமக்கு முதுகைக் காட்டி நின்று அவர் செய்து காட்டுவார். எதிரே நின்று காட்டினால் அவருடைய வலது கால் நமக்கு இடது பக்கம் தெரியும், அதைத் தலைக்குள் திருப்பிப் போடுவதிலேயே கவனம் போய்விடும். ஒரு சுற்று முழுக்கப் பாதத்தை மட்டும் பார்க்கணும், அடுத்து இடுப்பு, மணிக்கட்டு கடைசியில்தான். புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் கண் கம்பு நுனிக்குத்தான் போகும், ஆனால் அங்கே கற்க எதுவும் இல்லை. பின்னங்காலின் முன்பாதம் ஊன்றித் திரும்பும்போது மண்ணில் சின்னதாக ஒரு அரைவட்டம் விழும், இடுப்பு அதற்குப் பின்னால் வரும், தோள் அப்புறம், கம்பு எல்லாவற்றுக்கும் பிறகு. அந்த அரைவட்டத்தைக் கண்ணால் பிடித்துவிட்டால் வீச்சு எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துவிடும்.

அதற்குப் பிறகு கண்ணை மூடி நின்று மனசுக்குள் அதே வரிசை, அசல் வேகத்தில், வெளியிலிருந்து படம் பார்ப்பதாக இல்லாமல் நம் உடம்புக்குள் இருந்தே. நடுவில் திடீரென்று கைதட்டி "இப்ப எந்தக் கால்ல நிக்கிறீங்க?" என்பார். பதில் சொல்லத் திணறுகிறவர்கள் திரும்ப உட்கார்ந்து பார்க்கணும். மனசுக்குள் நடப்பதைச் சோதிக்க இதைவிட நேரடியான வழி எனக்குத் தெரியவில்லை.

இது வெறும் நம்பிக்கை இல்லை. 1995-இல் நரம்பியல் ஆய்வாளர் அல்வாரோ பாஸ்குவல்-லியோன் குழு பியானோ தெரியாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கொடுத்தது, தினம் 2 மணி நேரம், 5 நாள். ஒரு பிரிவினர் வாசித்தார்கள், இன்னொரு பிரிவினர் விரலை அசைக்காமல் வாசிப்பதாக நினைக்க மட்டும் செய்தார்கள். இரு பிரிவினருக்கும் மூளையில் விரலை இயக்கும் பகுதியில் ஒரே மாதிரி மாற்றம் தெரிந்தது. நினைக்க மட்டும் செய்தவர்கள் வாசிப்பில் பின்தங்கித்தான் இருந்தார்கள், ஆனால் ஒரே ஒரு தடவை நேரடிப் பயிற்சி கிடைத்ததும் மற்றவர்களை எட்டிவிட்டார்கள். 2005-இல் லண்டனில் பாலே ஆட்டக்காரர்களையும், கபோயிரா என்ற பிரேசில் தற்காப்புக் கலை ஆட்டக்காரர்களையும் வைத்து நடந்த ஆய்வில், தாங்கள் பழகிய அசைவைப் பார்க்கும்போதுதான் மூளையின் இயக்கப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. பார்ப்பதற்கு முன்னால் கொஞ்சமாவது செய்ய வைக்கிறாரே ஆசான், அதற்கு நான் காணும் நியாயம் இதுதான்.

எல்லைகளும் உண்டு. வரிசை, திசை, கால் மாற்றம் இதெல்லாம் மனப்பயிற்சியில் நன்றாக ஏறும், ஐந்து ரோடு சிக்னலில் டவுன் பஸ் நிற்கும் நேரத்தில்கூட ஒரு வரிசையை ஓட்டிப் பார்த்துவிடலாம். மணிக்கட்டு வலு, மூச்சு, கம்பின் எடை கைக்குப் பழகுவது, இதற்கெல்லாம் மைதானத்தில் வியர்வை சிந்தித்தான் ஆகணும். மனப்பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 1994-இல் சொன்னதும் இதையே ஒட்டித்தான் இருக்கிறது: பயிற்சியே இல்லாததைவிட நல்லது, நேரடிப் பயிற்சிக்கு அடுத்தபடிதான், யோசித்துச் செய்யும் பகுதி அதிகமுள்ள வேலைகளுக்குக் கூடுதல் பலன், நாளாக நாளாக அந்தப் பலன் குறையும்.

குறை என்றால் இரண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோ எல்லாம் எதிரே நின்று எடுத்தவை, நேரில் இவ்வளவு கவனமாக முதுகு காட்டி நிற்கிறவர் வீடியோவையும் பின்னாலிருந்து எடுக்கச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், பின்வரிசையில் நின்றால் கால் தெரியவே தெரியாது. மழை நாளில் ஷெட்டுக்குள் கம்பு சுற்ற உயரம் போதாது, அன்றைக்கு முழுக்க மனப்பயிற்சியும் ஒருவரையொருவர் திருத்துவதும்தான், எனக்கு அது குறையாகப் படவில்லை. ஆசான் இன்னொருவருடைய காலைத் திருத்துவதைப் பார்க்கும்போது நம் காலும் சேர்ந்து திருந்துகிறது.

மாதம் 800 ரூபாய், கம்புக்குத் தனி. சேருவதற்கு முன்னால் ஒருநாள் சும்மா உட்கார்ந்து பார்க்க விடுகிறார்கள். வார நாளில் போங்கள், பக்கவாட்டில் உட்காராமல் ஆசானுக்குப் பின்னால் இடம் பிடியுங்கள்.