காகிதத்தில் சுழலும் நிலா: வாங்கலாமா?

15ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வைத்தியர்கள் பயன்படுத்திய நிலாச் சுழல்தட்டின் நகல் என்று போட்டிருந்தது, ஆன்லைனில் வாங்கிவிட்டேன். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அட்டை வட்டங்கள், நடுவில் பித்தளை ஆணி. மேல்தட்டை நகர்த்தினால் அதிலுள்ள துளையில் பிறை மெல்ல வளர்ந்து, முழுநிலவாகி, மறுபடி தேய்கிறது. விளிம்பில் இருபத்தொன்பதரை நாள் கணக்கு. அரைமணி நேரம் எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

கூடவே ராசி மனிதன் படம் ஒன்று. தலையில் மேஷம், கழுத்தில் ரிஷபம், கைகளில் மிதுனம், பாதத்தில் மீனம். நிலா மிதுனத்தில் நிற்கும் நாளில் சிகிச்சைக்காகக் கையைக் கீறி ரத்தம் எடுக்கக் கூடாதாம். கடலையே பொங்க வைக்கும் நிலா, உடம்பிலுள்ள ரத்தத்தைச் சும்மா விடுமா என்பது அவர்கள் கணக்கு. அந்தக் காலத்துக்கு இது படித்தவர்களின் மருத்துவம்.

சரி, குறைக்கு வருவோம். ஆணி தளர்ந்தே வந்தது. சுவரில் மாட்டினால் தட்டு தானாக வழுக்கி அமாவாசையில் போய் நிற்கிறது. புகார் அனுப்பி இரண்டு வாரம் ஆகிறது, பதில் இல்லை. குழாய்க்குப் போடும் ரப்பர் வாஷரை வெட்டி உள்ளே செருகினேன், இப்போது நிற்கிறது. விளக்கத்தாளின் எழுத்து எறும்பு அளவு. ஐந்துக்கு மூன்றரை.