மிக்ஸ் சிடி டிராக், ரேடியோ எடிட், எக்ஸ்டெண்டட் மிக்ஸ்: டிஜே செட்டுக்கு எது தாங்கும்?

போட நினைக்கும் பாட்டு, ஒரு டிஜே பல பாட்டுகளை இடைவெளியில்லாமல் கலந்து தொடர் மிக்ஸாக வெளியிட்ட தொகுப்பு சிடியில் (மிக்ஸ் சிடி) மட்டும்தான் கையில் இருக்கிறது. அதை அப்படியே போடலாமா, வானொலிக்காகச் சுருக்கிய ரேடியோ எடிட்டை வைத்துச் சமாளிக்கலாமா, கிளப்புக்காக நீட்டிய எக்ஸ்டெண்டட் மிக்ஸைத் தேடித்தான் ஆக வேண்டுமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். 74 நிமிட சிடியில் 20 டிராக் இருக்கிறது, ஒவ்வொரு கலவையும் 32 பார் (ஒரு பாருக்கு நான்கு பீட்), அதாவது 128 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 128 பீட்) ஒரு நிமிடம் ஓடுகிறது என்றால், ஒரு பாட்டு தனியாக ஒலிப்பது சராசரியாக இரண்டே முக்கால் நிமிடம்தான். எக்ஸ்டெண்டட் மிக்ஸ் பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு நிமிடம் வரும். முன்னும் பின்னும் 16 அல்லது 32 பார் டிரம்ஸ் இருக்கும். அது டிஜே கலப்பதற்கென்றே விட்ட இடம். மிக்ஸ் சிடியில் அந்த இடத்தை இன்னொரு டிஜே ஏற்கெனவே பயன்படுத்தி முடித்துவிட்டார்.

டிராக் எண் மாறும் புள்ளியை நம்பக் கூடாது. அது பல சிடிகளில் கலவையின் நடுவே, புதிய பாட்டின் பேஸ் இறங்கும் இடத்தில் இருக்கும். அங்கிருந்து தொடங்கினால் முந்தைய பாட்டின் ஹை-ஹேட்டும் (டிரம்ஸின் சிறு தாளத் தட்டு ஒலி) கூடவே வரும். நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் பாட்டோடு சேர்த்தால் ஒரே நேரத்தில் மூன்று பாட்டு. அதற்கு முன்னாலிருந்து எடுத்தால், பழைய டிஜே புதிய பாட்டின் பேஸை ஈக்யூவில் (தாழ், நடு, உயர் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) வெட்டி வைத்திருப்பார். மிக்ஸரில் லோவை, அதாவது தாழ் ஒலிக் குமிழைத் திருகினாலும் அது திரும்பி வராது, முந்தைய பாட்டின் கிக்தான் (பெரிய டிரம்மின் அடி) வீங்கும். ஸ்டெம் பிரிப்பும் இங்கே கைகொடுக்காது. அது குரல், டிரம்ஸ், பேஸ் என்று பிரிக்குமே தவிர, இந்த கிக் எந்தப் பாட்டுடையது என்று பிரிக்காது. இரண்டு பாட்டின் கிக்கும் ஒரே டிரம்ஸ் ஸ்டெமில் வந்து விழும். பாட்டின் தொடக்கத்தைத் தானாகக் குறிக்கும் பிளேயரின் ஆட்டோ கியூவும் வீண்: அது மௌனம் முடியும் இடத்தைத் தேடும், தொடர் மிக்ஸில் மௌனமே கிடையாது.

இதைவிட நுணுக்கமான கோளாறு சுருதியில் வரும். 126 பிபிஎம் பாட்டை கீ லாக் (வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் வைக்கும் வசதி) இல்லாமல் 128க்கு ஏற்றியிருந்தால் சுருதி சுமார் 27 சென்ட் உயர்ந்திருக்கும், அதாவது அரைச்சுரத்தில் கால்வாசிக்குச் சற்று மேல். மென்பொருள் அப்போதும் பழைய கீயையே (பாட்டின் சுருதி) காட்டும். அதை நம்பி அதே கீயிலுள்ள இன்னொரு பாட்டோடு மெலடி மேல் மெலடி ஏற்றினால் காதில் புளிக்கும். மூல டெம்போ தெரிந்தால் கீ லாக்கை அணைத்து பிட்சை (பிளேயரின் வேகக் கட்டுப்பாடு) -1.56 சதவீதத்தில் வைத்தால் சுருதி சரியாகும். மிக்ஸ் செய்தவர் கீ லாக் போட்டிருந்தால் இந்த வைத்தியம் வேண்டாம். சுருதி ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கும். ஆனால் நீங்களும் கீ லாக் போட்டால் இரண்டாம் முறை நீட்டியதில் கிக்கின் அடி மழுங்கும்.

ரேடியோ எடிட்டோடு ஒப்பிட்டால் முடிவு அவ்வளவு எளிதல்ல. அதன் ஓரங்கள் சுத்தம், சுருதியும் அசல். ஆனால் நீண்ட பிரேக்டவுன் (டிரம்ஸ் அடங்கும் பகுதி) சுருங்கியிருக்கும், சில சமயம் முதல் நொடியிலேயே குரல் தொடங்கிவிடும். மிக்ஸ் சிடியில் ஓரம் கெட்டிருந்தாலும், நடுப்பகுதி பெரும்பாலும் கிளப் பதிப்பிலிருந்தே வந்திருக்கும். பாட்டின் உச்சம் மட்டும் ஒன்றரை நிமிடம் போதும், பட்டென்று வெட்டி மாறும் பாணி என்றால் மிக்ஸ் சிடியே மேல். நீளமாகக் கலக்கும் ஹவுஸ், டெக்னோ செட்டுக்கு இரண்டுமே பற்றாது.

சிடியை விட்டால் வழியில்லை என்றால், நேரடியாகப் போடாமல் வீட்டிலேயே எடிட் செய்து கொண்டுபோவது நல்லது. முழு சிடியையும் ஒரே வேவ் கோப்பாக, கியூ ஷீட்டோடு (டிராக் எல்லைகளைக் குறிக்கும் சிறு கோப்பு) ரிப் செய்யுங்கள். தனித்தனி எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு கோப்பின் ஓரத்திலும் சில மில்லி நொடி மௌனம் ஒட்டிக்கொள்ளும், எல்லையைத் தாண்டும் இடத்தில் துள்ளும். பிறகு லோவைக் குறைத்து ஹெட்போனில் கேளுங்கள். கடைசியாக மறைவது பெரும்பாலும் பழைய பாட்டின் ஹை-ஹேட் அல்லது ரீவெர்ப் வால் (மெல்ல அடங்கும் எதிரொலி). அது போன பிறகு வரும் முதல் பாரின் முதல் பீட்டில் ஒரு குறி, அடுத்த பாட்டின் முதல் ஒலி நுழைவதற்கு முந்தைய பாரின் முடிவில் இன்னொரு குறி. இடைப்பட்டதுதான் உங்கள் பாட்டு. அதற்குள் குரலோ பேடோ (நீண்டு ஒலிக்கும் சின்த் ஒலி) இல்லாத 4 பார் கிடைத்தால் நான்கு முறை அடுக்குங்கள், 16 பார் இன்ட்ரோ தயார். வெட்டை பீட்டின் தொடக்கத்துக்கு நேராக, அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் 'டிக்' சத்தம் கேட்கும். முந்தைய பாரின் ரீவெர்ப் வால் லூப்பில் மாட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் திரும்ப வந்து காட்டிக்கொடுக்கும். அந்த 4 பாரை விட்டுவிட்டு வேறு தேடுங்கள்.

இவ்வளவு உழைப்புக்கு முன் ஒன்று செய்யுங்கள்: அதே தொகுப்பின் டிஜிட்டல் பதிப்பைப் பாருங்கள். சில தொகுப்புகளில் தொடர் மிக்ஸோடு பாடல்களின் முழுநீளப் பதிப்பும் தனியாக இருக்கும். தலைப்பில் 'மிக்ஸ்டு' என்றிருந்தால் அதை வாங்காதீர்கள். சிடியில் உள்ள அதே துண்டுதான் அதுவும். முழுநீளம் கிடைத்தால் எடிட் வேலையே வேண்டாம், அதையே வாங்குங்கள்.

எப்படிப் போட்டாலும், ஒரே சிடியின் அடுத்தடுத்த இரண்டு டிராக்குகளை அதே வரிசையில் ஓடவிடாதீர்கள். அது இன்னொருவர் செய்த கலவையை உங்களுடையதாகக் காட்டுவது. எடிட் கோப்பின் கமெண்ட் பகுதியில் 'மிக்ஸ் சிடி, சுத்தப் பகுதி 2:10' என்று குறித்து, இரண்டாம் குறிக்கு 16 பார் முன்னால் ஒரு ஹாட் கியூ (பொத்தானை அழுத்தித் தாவும் குறி) வைத்தால் போதும்; அடுத்த பாட்டை எப்போது ஏற்ற வேண்டும் என்பது திரையிலேயே தெரியும்.