எக்ஸ்ஃபேட்டா, என்டிஎஃப்எஸ்ஸா? மூன்று கணினிக்கும் ஒரே ஹார்ட் டிஸ்க்

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு விண்டோஸ், தங்கைக்கு மேக்புக், எனக்கு உபுண்டு லினக்ஸ். மூன்றுக்கும் பொதுவாக 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று. தங்கை அதைச் செருகினால் படங்கள் எல்லாம் திறக்கும், ஆனால் புதிதாக ஒரு ஃபைலைக்கூடப் போட முடியாது. "டிஸ்க் போயிடுச்சுண்ணா" என்றாள். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையை ஃபார்மட் என்பார்கள்; என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் எல்லாம் அப்படிப்பட்ட ஃபார்மட்கள். எங்கள் டிஸ்க் விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் இருந்தது. மேக் அதைப் படிக்கும், எழுதாது. அவ்வளவுதான்.

விண்டோஸும் லினக்ஸும் மட்டும் என்றால் நான் இன்றும் என்டிஎஃப்எஸ் பக்கம்தான். ஃபைல், ஃபோல்டர் அமைப்பில் ஒவ்வொரு மாற்றத்தையும் செய்வதற்கு முன் அது ஒரு பதிவேட்டில் குறித்து வைக்கிறது. எழுதும் நேரத்தில் மின்சாரம் போனாலும், அந்தக் குறிப்பை வைத்து ஃபோல்டர் அமைப்பை மீட்டுவிடும். லினக்ஸில் இதைப் படிக்கவும் எழுதவும் என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற மென்பொருள் பல வருடங்களாக உண்டு. 2021இல் வந்த 5.15 கெர்னலிலேயே (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) முழுதாக எழுதும் வசதி சேர்ந்துவிட்டது.

ஆனாலும் சில நேரம் உபுண்டுவில் செருகும்போது திறக்க மறுக்கும், இல்லையென்றால் படிக்க மட்டும் விடும். பெரும்பாலும் காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கிறது. அப்போது டிஸ்க் செருகியிருந்தால், இன்னும் தன் கையில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். லினக்ஸ் அந்த நிலையில் எழுதாமல் ஒதுங்குவது நம் ஃபைல்களின் நல்லதுக்குத்தான். வலுக்கட்டாயமாகத் திறக்க வைக்காதீர்கள். விண்டோஸில் ஷட்டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து, டிஸ்க்கை எஜெக்ட் செய்து எடுங்கள். அப்படியும் திறக்கவில்லையென்றால் அதே விண்டோஸில் டிஸ்க்கின் ப்ராப்பர்டீஸ், டூல்ஸ், செக் என்று போய்ப் பிழையைச் சரிசெய்யுங்கள். லினக்ஸில் உள்ள என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற கருவி சின்னக் கோளாறுகளுக்கு மட்டுமே போதும்.

மேக் நடுவில் வந்துவிட்டால் எக்ஸ்ஃபேட்தான். மூன்றிலும் படிக்கலாம், எழுதலாம். லினக்ஸில் பழைய கெர்னல் என்றால் தனியாக நிறுவ வேண்டியிருந்தது, 5.7 முதல் அந்தக் கவலை இல்லை. ஆனால் என்டிஎஃப்எஸ் வைத்திருக்கும் பதிவேடு இதில் கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளை உருவினால் ஃபோல்டரே காணாமல் போகலாம். நானே ஒருமுறை அவசரத்தில் உருவிவிட்டேன். அடுத்து மேக்கில் செருகியபோது விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது, ஃபைண்டரில் டிஸ்க் வரவில்லை. மேக் பின்னணியில் பிழை தேடிக்கொண்டிருந்தது. பெரிய டிஸ்க்கில் இதற்கு நீண்ட நேரம் ஆகும். காத்திருந்தேன், வந்துவிட்டது.

இன்னொரு குறை, இடம். பெரிய டிஸ்க்கை விண்டோஸில் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்தால் வழக்கமாக 128 கேபி கட்டங்களாகப் பிரிக்கும். 1 கேபி ஃபைலும் ஒரு முழுக் கட்டத்தைப் பிடிக்கும். அப்படி 10,000 சின்ன ஃபைல் இருந்தால் சுமார் 1.2 ஜிபி போய்விடும். வீடியோவுக்கு இது பொருட்டே இல்லை. புரோகிராம் எழுதுபவர்கள் யோசிக்க வேண்டும்.

ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட் வேண்டாம். 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை ஏற்காது, எத்தனை ஜிபி இடம் இருந்தாலும் ஃபைல் மிகப் பெரியது என்று மறுத்துவிடும். லினக்ஸின் எக்ஸ்ட்4, மேக்கின் ஏபிஎஃப்எஸ் இரண்டும் அவரவர் வீட்டுக்குள் அருமையானவை, ஆனால் விண்டோஸ் நேரடியாகத் திறக்காது.

இதில்தான் பெரிய ஆபத்து. தெரியாத டிஸ்க்கைக் கண்டால் விண்டோஸ் "பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று கேட்கும். தயவுசெய்து கேன்சல் கொடுங்கள். உள்ளே ஃபைல்கள் அப்படியே இருக்கும், விண்டோஸுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. அந்த டிஸ்க் கடைசியாக ஒழுங்காகத் திறந்த கணினியில் செருகிப் பாருங்கள்.

நாங்கள் என்டிஎஃப்எஸ்ஸிலிருந்து எக்ஸ்ஃபேட்டுக்கு மாறினோம். ஃபைல்களை வைத்துக்கொண்டு மாற்ற வழியில்லை, முழுவதும் வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட்டுத்தான் ஃபார்மட் செய்தோம். அந்தக் காப்பியை நான் அழிக்கவில்லை. அப்பா ஸ்கேன் செய்த வீட்டுப் பத்திரங்கள் இப்போது இரண்டு டிஸ்க்கிலும் இருக்கின்றன.