அம்மாவுக்கு வீட்டில் ஆள் வைத்து மூன்றரை ஆண்டுகள்: ஒரு செலவுக் கணக்கு

2022 ஜூனில் கும்பகோணம் வீட்டுக் குளியலறையில் அம்மா வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை. அப்போது அவருக்கு 76 வயது. நான் சென்னையில், தம்பி பெங்களூரில். “உன் எட்டாவது மாடியில் காக்காய்க்குச் சோறு வைக்கக்கூட இடம் கிடையாது, நான் வரமாட்டேன்” என்று அம்மா சொல்லிவிட்டார். வீட்டிலேயே ஆள் வைத்தோம்.

முதலில் ஏஜென்சி. இரவு பகல் தங்கிப் பார்க்கும் ஆளுக்கு மாதம் 24,000 ரூபாய் என்றார்கள். பதிவுக் கட்டணம் 5,000, ஆளின் மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் பிறகுதான் தெரிந்தது. ‘நர்ஸ்’ என்று வந்தவர் அதற்கு முன் வேலை பார்த்தது ஜவுளிக்கடையில். ரத்த அழுத்தம் பார்க்கத் தெரியாது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நாங்கள் கொடுத்த 24,000இல் தன் கைக்கு 15,000தான் வருகிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரமே போய்விட்டார்.

ஐந்து மாதத்தில் நான்கு பேர். மாத்திரை எங்கே இருக்கிறது, அம்மாவை எந்தப் பக்கம் பிடித்து எழுப்ப வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். ஆள் வராத நாட்களுக்குப் பணத்தைக் கழிக்கச் சொன்னால், “அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்” என்பார்கள். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. முதல் ஓராண்டில் நான் எடுத்த சம்பளமில்லா விடுப்பு 19 நாள். இதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. நான் எழுதி வைத்திருக்கிறேன்.

கொடுத்த பணத்தில் வீணாகாதது இயன்முறை மருத்துவருக்குக் கொடுத்ததுதான். ஒரு தடவைக்கு 500, வாரம் மூன்று நாள், ஆறு மாதம். அம்மா வாக்கரைப் பிடித்துக் கழிவறைக்குத் தானே போகத் தொடங்கியதும் இரவு பகல் தங்கிப் பார்க்கும் ஆள் தேவைப்படவில்லை.

பால்காரர் சொல்லி தாராசுரத்திலிருந்து ஒரு பெண் வந்தார். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை, 14,000. இரவுத் துணைக்குப் பக்கத்துத் தெரு அம்மாள், 4,000. ஞாயிறு விடுமுறை, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம். சேர்ந்த மூன்றாம் மாதம் அந்தப் பெண் தன் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு 20,000 முன்பணம் கேட்டார். “கொடுத்தால் மறுநாள் வரமாட்டாள்” என்றார் சித்தப்பா. கொடுத்துவிட்டு, சம்பளத்தில் மாதம் 2,000 பிடித்துக்கொண்டேன். பத்தே மாதத்தில் கணக்கு முடிந்தது. நேரடியாக ஆள் வைப்பதில் ஒரு சங்கடம் உண்டு: அந்தப் பெண்ணின் கணவர் மருத்துவமனையில் இருந்த 12 நாட்களும் மாற்று ஆள் நான்தான்.

காப்பீட்டை நம்பியவர்களுக்கு ஒரு வார்த்தை. 70 வயது நிரம்பிய எல்லோருக்கும் 2024 அக்டோபரில் வந்த ஆயுஷ்மான் பாரத் அட்டை அம்மாவிடம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரை சிகிச்சைக்குக் கிடைக்கும், ஆனால் மருத்துவமனையில் படுத்தால் மட்டும். வீட்டு ஆளின் சம்பளத்துக்கு அதில் ஒரு பைசா கிடையாது. அம்மாவுக்குத் தனியார் காப்பீடு இல்லாததால், வருமான வரியின் பழைய முறையில், 80டி என்று அழைக்கப்பட்டுவந்த பிரிவின்கீழ், அவருடைய மருத்துவச் செலவு ஆண்டுக்கு 50,000 வரை வரிக்குரிய என் வருமானத்திலிருந்து கழிகிறது. ரொக்கமாகக் கொடுத்தது செல்லாது. மருந்து, டாக்டர் பில்களை எடுத்துக்கொண்ட ஆடிட்டர் ஆள் சம்பளத்தைச் சேர்க்க மறுத்துவிட்டார். உருப்படியாகக் கிடைப்பது தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’: ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் மாதந்தோறும் வீட்டுக்கே இலவசமாக வருகின்றன.

மற்றதெல்லாம் அம்மாவின் பணம். 2023இல் மனையை விற்று அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்பில் 15 லட்சம் போட்டோம். வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750. அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் வீட்டுச் செலவுக்குப் போகிறது. துண்டு விழுவதை நானும் தம்பியும் பாதிப் பாதி போடுகிறோம்.

சென்ற பொங்கலுக்குத் தாராசுரத்துப் பெண் 2,000 உயர்த்திக் கேட்டார். நான் 1,500 என்றேன். மீதி 500ஐ அம்மா தலையணைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்து வருவதை இரவுத் துணை அம்மாள்தான் போட்டு உடைத்தார்.

இப்போது அம்மா நள்ளிரவில் எழுந்து வாசல் கதவைத் திறக்கிறார். இரவுக்கும் விழித்திருக்கும் ஆள் வைத்தால் மாதச் சம்பளமே 30,000 தொட்டுவிடும். தம்பியிடம் இன்னும் பேசவில்லை.