ஷவர் சுவருக்கு டைல்ஸ் ஒட்டக் கொடுப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

குளியலறைக்கு டைல்ஸ் போடுவது பற்றியும் ஷவர் பக்கத்துச் சுவரை அதற்கு எப்படித் தயார் செய்வது என்பது பற்றியும் விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இன்று காலை அந்த நிறுவனத்திடமிருந்து வந்த பதிலைப் படித்த பிறகு, எங்களுடைய 1,46,000 ரூபாய் எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லாமல் வேறெதுவும் எழுத வரவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. வீட்டுப் பழுதுகளுக்கு ஆள் அனுப்புவதாகவும், குளியலறையை ஒரே வாரத்தில் புதுப்பித்துத் தருவதாகவும் விளம்பரம் செய்கிற கைப்பேசிச் செயலி என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

எங்கள் வீடு சென்னைப் புறநகரில் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் முதல் தளத்தில் இருக்கிறது. குளியலறையில் நாலடி உயரம் வரைதான் டைல்ஸ் இருந்தது. அதற்கு மேலே வெளிர்பச்சை டிஸ்டெம்பர். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பூத்துச் சுண்ணாம்பு உதிரத் தொடங்கியதால், எல்லாவற்றையும் உடைத்துவிட்டு ஒரேயடியாகச் செய்துவிடலாம் என்று முடிவு செய்தோம். மாமனாருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, ஸ்டூலில் உட்கார்ந்துதான் குளிப்பார் என்பதால் வழுக்காத தரையும் தேவைப்பட்டது.

செயலி அனுப்பிய மேற்பார்வையாளர் சுத்தமான சட்டையும் கையில் ஈரமானியுமாக வந்தார். சுவரில் அந்தக் கருவியை ஊன்றி எண்ணைக் காட்டினார். "டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள் மேடம், தடுக்க வேண்டியது அதற்குப் பின்னால் இருக்கிற கோட்டிங்தான்" என்றார். பழைய பூச்சைச் செங்கல் தெரியும் வரை கொத்தி எடுத்துவிட்டு, புதிதாகப் பூசி, ஏழு நாள் தண்ணீர் விட்டு ஆற வைத்து, தரைக்கும் ஷவர் சுவரில் ஏழடி உயரத்துக்கும் பாலிமர் கோட்டிங் இரண்டு கை அடித்து, மூலைகளில் ஃபைபர் வலை பதித்து, தரையில் 24 மணி நேரம் தண்ணீரைத் தேக்கிப் பார்த்த பிறகுதான் டைல்ஸைத் தொடுவோம் என்று, நாங்கள் கேட்காததையும் சேர்த்து விளக்கினார். அப்படியானால் ஒரே வாரத்தில் எப்படி முடியும் என்று கணவர் கேட்டதற்கு, விளம்பரம் சின்ன வேலைகளுக்கு, உங்களுக்கு மூன்று வாரம் என்றார். நேர்மையான ஆள் என்று நாங்கள் நம்பியது அந்த நிமிடத்தில்தான். அவர் சொன்ன தொழில்நுட்பத்தில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. அதுதான் இப்போது வயிற்றெரிச்சலைக் கூட்டுகிறது. சரியாகத் தெரிந்து வைத்திருப்பது விற்பதற்கு மட்டுமே, செய்வதற்கு அல்ல என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

பத்து வருட உத்தரவாதத்துடன் 1,46,000 ரூபாய். மூன்று தவணை, ஒவ்வொன்றையும் செயலியில் கட்டினால்தான் அடுத்த கட்ட வேலை 'திறக்கும்'. பகலில் நாங்கள் இருவரும் அலுவலகத்தில் இருக்க, தூசி வரும் என்று சொல்லி மாமனாரை அறைக்கதவைச் சாத்திக்கொள்ளச் செய்துவிட்டார்கள். கோட்டிங் அடித்த சுவரின் படம் செயலியில் வந்தது. அதைப் பிறகு பெரிதாக்கிப் பார்த்தபோது இடது மூலையில் எக்ஸாஸ்ட் விசிறிக்கான வட்டத் துளை இருந்தது. எங்கள் குளியலறையில் அப்படி ஒன்று கிடையாது; வலது பக்கத்தில் கண்ணாடிப் பட்டைகள் வைத்த வென்டிலேட்டர்தான் இருக்கிறது. யார் வீட்டுச் சுவரோ!

கடைசி நாளில், "நாலு நம்பர் ஓடிபி வந்திருக்கும், அதைச் சொன்னால்தான் எங்களுக்குக் கூலி விழும்மா" என்று டைல்ஸ் மேஸ்திரி கேட்டார். உழைத்தவரின் கூலியை நிறுத்தக் கூடாது என்று நினைத்து ஓடிபியைச் சொல்லிவிட்டோம். அந்த எண்ணைத்தான் 'வாடிக்கையாளர் வேலையைச் சரிபார்த்து முழுத் திருப்தி தெரிவித்தார்' என்று செயலி பதிந்து வைத்திருக்கிறது.

மழைக்காலம் வருவதற்குள்ளேயே ஷவருக்கு நேர் கீழே ஒரு டைல் இரவில் விழுந்து நொறுங்கியது. நாலுக்கு இரண்டு அடி விட்ரிஃபைட் டைல் (மிகுந்த சூட்டில் சுட்டு இறுக்கிய கெட்டியான வகை), ஒன்று ஏறத்தாழ 15 கிலோ எடை. விழுந்த இடம் மாமனாரின் ஸ்டூல் இருக்கும் இடம். பகலில் விழுந்திருந்தால் நான் இப்படிப் பதிவு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

உடைந்த துண்டுகளைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு மூலையிலும் நடுவிலுமாக எலுமிச்சம்பழம் அளவுக்கு ஐந்து சிமெண்ட் உருண்டைகள். மற்ற இடமெல்லாம் தொழிற்சாலை முத்திரை அழியாமல் பளிச்சென்று இருந்தது. சுவரில் நாலடிக்கு மேலே எங்கள் பழைய வெளிர்பச்சை டிஸ்டெம்பர் அப்படியே சிரித்தது. ஓர் உளித்தடம்கூட இல்லை. சாம்பல் நிறக் கோட்டிங் முழங்கால் உயரத்தோடு நின்றிருந்தது, அதுவும் விரலால் சுரண்டினால் உரியும் மெல்லிய ஒரு கை.

இது ஏன் நிற்காது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சாதாரண செராமிக் சுவர் டைல்ஸ் தன் எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் தண்ணீரை உறிஞ்சும். அதனால்தான் தொட்டியில் ஊறவைத்துச் சிமெண்ட் பால் தடவி ஒட்டினால் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைட் டைல்ஸ் அரை விழுக்காடுகூட உறிஞ்சாது. வெறும் சிமெண்டுக்கு அதில் பிடிமானமே கிடையாது. அதற்கென்று ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தரக்குறி உள்ள பசை இருக்கிறது. அதைப் பல் வைத்த கரண்டியால் சுவர் முழுக்க இழுத்து, டைலின் முதுகிலும் தடவி ஒட்ட வேண்டும். எங்கள் பில்லில் அந்தப் பசைக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள். பொட்டு வைத்து ஒட்டினால் உள்ளே வெற்றிடம் விழும், அங்கே தண்ணீர் தேங்கும், கோட்டிங் இல்லாத சுவர் அதைக் குடித்துக் கீழ்வீட்டுக்கு அனுப்பும். அனுப்பியும் விட்டது.

பிறகு நடந்ததை நினைத்தாலே கை நடுங்குகிறது. செயலியின் அரட்டைப் பெட்டியில் 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று எழுதிவிட்டு, பதில் தட்டச்சு செய்வதற்குள் புகாரை 'தீர்க்கப்பட்டது' என்று மூடினார்கள். மேற்பார்வையாளர் தாம் வேறு பகுதிக்கு மாறிவிட்டதாகச் சொன்னார். அப்புறம் எங்கள் எண்ணையே எடுப்பதில்லை. ஆய்வுக்கென்று வந்த இன்னொருவர் படம் மட்டும் எடுத்துக்கொண்டு போய், போர்வெல் உப்புத் தண்ணீரும் கட்டடத்தின் அதிர்வும் காரணம் என்று அறிக்கை கொடுத்தார். பத்து வருட உத்தரவாதம் கோட்டிங் டப்பாவுக்குத்தானாம், அடித்த வேலைக்கு இல்லையாம். இன்று காலை வந்த பதில் எல்லாவற்றுக்கும் சிகரம்: தாங்கள் ஒப்பந்தக்காரரையும் வாடிக்கையாளரையும் இணைக்கும் தளம் மட்டுமே என்றும், நல்லெண்ண அடிப்படையில் அடுத்த முன்பதிவில் பயன்படுத்த 2,000 ரூபாய்க்கான கூப்பன் தருவதாகவும் எழுதியிருக்கிறார்கள். 1,46,000 ரூபாய்க்கு 2,000 ரூபாய்க் கூப்பன், அதுவும் அவர்களிடமே செலவழிக்க!

விரிவாக எழுத நினைத்த யோசனைகளுக்கு இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்குச் சில மட்டும். கொத்திய சுவரையும் கோட்டிங்கையும் நேரில் பாருங்கள், படத்தை நம்பாதீர்கள். தண்ணீர் தேக்கும் சோதனை நடக்கும்போது கீழ்வீட்டுக்குப் போய்க் கூரையைப் பாருங்கள். ஒட்டி முடித்த முதல் டைலைக் காயும் முன்பே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முதுகு முழுக்கப் பசை இல்லையென்றால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். காய்ந்த பிறகு ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டி, பொள்ளலாக ஒலித்தால் மாற்றச் சொல்லுங்கள். இத்தனையும் முடியும் வரை ஓடிபியைச் சொல்லாதீர்கள். மேஸ்திரியின் நிலைமை பாவமாக இருந்தால் கையில் ஏதாவது கொடுத்து அனுப்புங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. உடைந்த துண்டுகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எங்களுடையவை தேதி எழுதிய சாக்கில் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன.